முடிந்தது என்று ஊதாத ஊர்

அமெரிக்காவில், இல்லினாயில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூரில், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் சைரன் ஊதும். ஆலைச் சைரன் இல்லை. இங்கே ஆலையே கிடையாது. தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் உயரமான கம்பத்தின் உச்சியில் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள். சுழற்காற்று வந்தால் ஊரை எச்சரிப்பதற்காக. அது வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை ஊதிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் யாரும் தலையைத் தூக்குவதில்லை, நாய்கள் உட்பட. முதல் முறை அதைக் கேட்டபோது, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், இருந்த இடத்தைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் தட்டி, "ஜஸ்ட் எ டெஸ்ட்" என்றாள். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். எனக்குப் பயந்த சுபாவம்தான், அதை மறைப்பதற்கில்லை. என் கணவர் சங்கர், "மழை பெஞ்சாலும் உனக்கு பயம், பெய்யலைன்னாலும் பயம்" என்பார். ஆனால் அன்றைக்கு நான் பயந்து எழவில்லை. அடுப்பில் உலை வைக்க எழுந்தேன்.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். டவுன்ஷிப்பில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்ததாக எனக்கு நினைவில்லை. ஷிப்ட் சைரன் ஊதினால் உலை, அடுத்தது ஊதினால் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அது போக இன்னொரு சைரனும் எங்களுக்கு இருந்தது. அப்பா வேலை பார்த்த சுரங்கப் பக்கத்தில், நிலக்கரிக்கு மேலே பாறையாக இறுகிக் கிடக்கும் மண்ணை வெடி வைத்துத் தளர்த்துவார்கள். வெடிக்கு முன்னால் சைரன் விட்டுவிட்டு ஊதும். ஆட்கள் மறைவுக்குப் போய்விட வேண்டும். வெடித்து, புழுதி அடங்கி, ஆட்கள் போய்ப் பார்த்து வந்த பிறகு ஒரே மூச்சில் நீளமாக ஊதும். முடிந்துவிட்டது, விட்ட வேலைக்குத் திரும்பலாம் என்று பொருள். காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் இரண்டும் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். விட்டுவிட்டு ஊதத் தொடங்கியதும் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். பேசமாட்டார். நாங்கள் பேசினாலும் கை காட்டி அடக்குவார். அப்புறம் அந்த நீளச் சைரன் வரும். அம்மாவின் தோள் இறங்குவதைப் பார்ப்பேன். கடுகு மறுபடி எண்ணெயில் விழும். எனக்கு இன்றுவரை நீளமாக ஒரு சைரன் கேட்டால் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அப்பாவின் பெயர் ஏழுமலை. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முதலில் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனென்ட். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு பக்கத்திலேயே வடக்குத்து என்ற ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அம்மா அந்த வீட்டில்தான் இறந்தார். அதற்குப் பிறகு என் பயத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. இந்தியாவிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் மனதில் ஒரு சாவு நடந்து முடிந்திருக்கும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார், கேஸை அணைக்க மறந்திருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எடுத்தால், "ஒண்ணுமில்ல பாப்பா, சும்மாதான் போட்டேன்" என்பார். புலம்பெயர்ந்து வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும். நாங்கள் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஆறு மாத விசாவில் அவரைக் கூட்டி வந்தேன். அவர் ஆசைப்பட்டு வந்தார் என்று சொல்லமாட்டேன். என் பயம் தாங்காமல் நான் கூட்டி வந்தேன்.

வந்தவர் எங்கள் அபார்ட்மென்ட் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கார்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ நேரந்தான் இத்த பாத்துகினே குந்திகினு இருக்கிறது? ஒரு மனுசன் நடந்து போறானா பாரு" என்றார் ஒருநாள். அதனால்தான் சனிக்கிழமைகளில் நான் போகிற இடத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு இயற்கைக் காப்பிடம் இருக்கிறது. இந்த மாநிலம் முழுக்க ஒரு காலத்தில் ஆள் உயரப் புல்வெளியாக இருந்ததாம், ப்ரெய்ரி என்கிறார்கள். அதையெல்லாம் உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். இப்போது ஒரு துண்டு நிலத்தில் சோளம் போடுவதை விட்டுவிட்டு, பழைய புல்லையும் பூச்செடிகளையும் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். தன்னார்வலர்கள் பத்துப் பதினைந்து பேர். எங்களுக்குத் தலைவர் டேவ், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாயைத் திறந்தால் லத்தீன் பெயர். நான் அங்கே போகத் தொடங்கியது தனிமையால்தான், சூழல் அக்கறை எல்லாம் பிற்பாடு வந்தது. உண்ணி கடித்து நோய் வருமென்று காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, தொட்டால் கொப்பளிக்கும் செடி எது எது என்று படம் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறவள் நான் ஒருத்திதான்.

அப்பாவுக்கு முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. "சோளம் வெளைஞ்ச பூமியில புல்லு போடறாங்களா? நல்லாதான இருக்கறாங்க இவங்க?" என்று என்னிடம் கேட்டார். பிறகு, இது யாருடைய நிலம் என்று டேவிடம் கேட்கச் சொன்னார். ஒரு விவசாயி ஊருக்காகக் கொடுத்தது என்று டேவ் பெருமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா, "அவரா குடுத்தாரா? எங்களயும் குடுத்தோம்னுதான் எழுதி வெச்சிருக்காங்க" என்றார். டேவ் ஆர்வத்தோடு என் முகத்தைப் பார்த்தார். அப்பாவும் விவசாயக் குடும்பம்தான், அதனால் சந்தோஷப்படுகிறார் என்று சொல்லிவைத்தேன். டேவ் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டிக் கொட்டிய மேடுகள் மலைபோல நிற்கும். அடியில் இருந்த மண் மேலே, மேலே இருந்த மண் அடியில். அப்பாவின் குடும்பத்து நிலம் அந்த மேடுகளில் எதனுடைய வயிற்றில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மேலே வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம், மண்டிக் கிடக்கும். இதை ஆங்கிலத்தில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் எங்கள் வேலை ஸ்வீட் க்ளோவர் பிடுங்குவது. மாட்டுத் தீவனத்துக்கென்று எப்போதோ வெளியிலிருந்து கொண்டுவந்த செடி. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நாட்டுச் செடிகளை எழவிடாமல் அடித்துவிடும். "நல்லாதான பூத்திருக்கு, இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார் அப்பா. விளக்கினேன். "ஓகோ, நம்ம வேலிக்காத்தான் கணக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் குனிந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான். சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போகிற மாதிரியே போவார். தண்ணீர் பாட்டில், தலையில் துண்டு, அதற்கு மேலே நான் வாங்கித் தந்த தொப்பி. ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் அதை முடிக்காமல் வரமாட்டார். ஊரில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் இருந்தவர், இங்கே பேச்சே தேவைப்படாத ஒரு வேலையில் தேறிவருவதைப் பார்த்து, என் பயம் முதல் முறையாகக் கொஞ்சம் கண்ணயர்ந்தது என்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். காற்று சுத்தமாக இல்லை. மேற்கே வானம், பழைய பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே பச்சைக் களிம்பு, அந்த நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. டேவ் இரண்டு மூன்று முறை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றார். அப்பா எங்களைவிட்டுத் தள்ளி, ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஊர்ப் பக்கமிருந்து சைரன் ஊதியது. நீளமாக, ஒரே மூச்சில்.

என் தோள் இறங்கியது. இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. சுற்றி இருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, நான் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, பிடுங்கிய செடிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் செவ்வாய் இல்லையே என்றுகூடத் தோன்றவில்லை. பிறகு எல்லோருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. டேவ், "ஷெல்டர், நவ்" என்று கத்தினார். கார் நிறுத்துமிடத்தில் செங்கல்லில் கட்டிய கழிப்பறை ஒன்று உண்டு, ஓடிப்போய் ஒளிவதற்கு இருந்தது அது ஒன்றுதான். எல்லோரும் ஓடினார்கள். நான் மேட்டைப் பார்த்தேன்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார், தொப்பியை வைத்தார், பாட்டிலை இடுப்பில் செருகினார். அந்த ஒவ்வொரு அசைவும் எனக்குத் தெரியும். ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். முப்பது வருஷ சர்வீஸ் அவர் காதில் இருந்தது. அது அவரிடம், முடிந்துவிட்டது, போகலாம் என்று சொன்னது. டேவும் இன்னும் இரண்டு பேரும் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசி அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டார். சிரித்தமாதிரி இருந்தது. அவரும் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, மேட்டுக்கு அந்தப்புறம், பாக்கி வேலை இருந்த சரிவில் இறங்கி மறைந்துபோனார்.

டேவ் என் தோளைப் பிடித்தார். நீ உள்ளே போ, நான் கூட்டி வருகிறேன் என்றார். அவருக்கும் எழுபது வயது, முட்டி வேறு சரியில்லை. அவர் பிடி விலகியதா நான் விலக்கினேனா தெரியாது, ஓடிக்கொண்டிருந்தேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பின்னால் போய்க் கதவை மூடிக்கொண்டு அப்பா எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, முன்னால் ஓடுவது கொஞ்சம் குறைவான பயமாக இருந்தது. பாதி மேட்டில் ஐஸ் கட்டி விழ ஆரம்பித்தது. முதுகிலும் தலையிலும் கல்லால் அடிக்கிற மாதிரி. இவரை ஊரிலேயே விட்டிருக்கலாம், வடக்குத்தில் இவருக்கு என்ன குறை, நான்தானே கொண்டுவந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அப்பா சரிவில் குனிந்திருந்தார். ஐஸ் விழுகிறதே என்று முதுகை மட்டும் வளைத்துக்கொண்டு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வருகிற வேகத்தைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா? ஊர்லேர்ந்து போன் வந்திச்சா? யாருக்கு இன்னா?" என்றார். பயத்தில் அப்பாவும் என் ஜாதிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கும், ஓடிவருகிற எல்லோரும் சாவுச் சேதிதான் கொண்டுவருகிறார்கள்.

"சைரன் ஊதுதுப்பா, வாங்க."

"அதான் நீளமா ஊதிட்டானே. அப்புறம் இன்னா?"

விளக்க நேரமில்லை. மேற்கில் ஏதோ ஒரு சத்தம் தொடங்கியிருந்தது. கூட்ஸ் வண்டி மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது, தூரத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தகரக் கூரையை இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. ஒதுங்க இடமில்லை என்றால் பள்ளத்தில் குப்புறப் படுங்கள் என்று எங்கள் அபார்ட்மென்டில் ஒட்டியிருப்பதைப் படித்திருக்கிறேன். இந்த நாட்டில் ஒட்டியிருக்கும் எல்லா எச்சரிக்கைகளையும் படித்திருக்கிறேன். சரிவின் அடியில், நிலம் வயலாக இருந்த காலத்து வடிகால் ஒன்று பாதி தூர்ந்து கிடந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதில் தள்ளினேன். "படு, கீழ படு" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் படுத்தார். அடுத்த நொடியே புரண்டு என்மேல் கவிழ்ந்து, தன் கைகளால் என் தலையை மூடிக்கொண்டார்.

சுழற்காற்றை நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. சேற்றில் அழுந்திய என் கன்னமும், காதோரம் அப்பாவின் மூச்சும், அவர் முதுகில் ஐஸ் விழும் சத்தமும்தான் நான் அறிந்தது. அவருக்கு ஏதாவது ஆனால் அவருடைய உடம்புக்குக் கீழே கிடந்தபடி அதைத் தெரிந்துகொள்வேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் இன்றும் என்னைக் காலையில் எழுப்பிவிடுகிறது. பிறகு காற்று எங்கள்மேல் ஏறிப் போனது. என்னென்னவோ முறிந்தன. ஓடைக்கரையில் நின்ற ஓக் மரங்கள் அவை என்று அப்புறம் சொன்னார்கள்.

சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. மழை மட்டும் கொட்டியது. அப்போது ஊர்ப் பக்கமிருந்து மறுபடியும் அதே சைரன், அதே ஒரே மூச்சில். அப்பா என்மேலிருந்து எழுந்தார். "முடிஞ்சிடிச்சி. எழுந்திரு" என்றார், அம்மாவிடம் பேசுகிற குரலில், அவ்வளவு நிச்சயமாக. எனக்கும் உடம்பெல்லாம் எழுந்துவிடத் துடித்தது. அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"இல்லப்பா. இங்க அதுக்கு அர்த்தம் வேற. மறுபடி வருதுன்னு ஊதுறாங்க."

அவர் என்னையே பார்த்தார். மழை அவர் மீசையில் வழிந்தது. பயந்த அப்பாவை நான் அன்றைக்கு முன்னால் பார்த்ததில்லை. நாங்கள் வீட்டில் உட்கார்ந்து எங்களுக்காகவும் அவருக்காகவும் பயந்துகொண்டிருந்தோம், அவர் போய்வந்துகொண்டிருந்தார், அப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

"ரெண்டுக்கும் ஒரே சைரனா? அப்ப முடிஞ்சிதுன்னா எப்படி ஊதுவாங்க?" என்றார்.

"ஊத மாட்டாங்கப்பா."

"யாரு சொல்றது பின்ன?"

இந்த ஊரில் ஆபத்து வரும்போது சொல்கிறார்கள். போய்விட்டதை யாரும் சொல்வதில்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நான் அதை யோசித்ததில்லை. "நான் சொல்றேன்" என்றேன். அப்பா தலையாட்டிவிட்டு மறுபடி என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. மேற்கே வெளிறிய மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒன்றுமே தெரியாமல், "முடிஞ்சிடிச்சிப்பா" என்றேன். அவர் உடனே எழுந்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் மேடேறிப் போக, இரண்டாவது ஒன்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன். எதிரே டேவ் நொண்டிக்கொண்டு, "எலு, எலு" என்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபடி வந்துகொண்டிருந்தார். அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா அவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி முதுகில் தட்டி, "ஒண்ணுமில்லிங்க, பாப்பா வந்துட்டா" என்றார். முதுகில் கன்றிப்போயிருந்ததை வீட்டுக்கு வந்துதான் எனக்குக் காட்டினார்.

விசா முடிந்ததும் அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். இருக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. எந்த இடத்தில் அவர் பத்திரமாக இருப்பார் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் இன்னும் சனிக்கிழமைகளில் போகிறேன். அப்பா சுத்தம் செய்த சரிவில் இந்த வருஷம் க்ளோவர் குறைவு. டேவ் அந்தச் சரிவை அவர் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார். மேற்கே பார்க்காமல் என்னால் ஒரு செடிகூடப் பிடுங்க முடிவதில்லை.

போன கார்த்திகையில் வங்கக் கடலில் புயல். கடலூர் பக்கம் கரையைக் கடக்கும் என்று செய்தி. எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷன், கூரை பறக்கப் பறக்க உள்ளே உட்கார்ந்து எங்களுக்குச் சாப்பாடு ஊட்டியவர், வடக்குத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "எல்லாரும் ஸ்கூலுக்கு வரச் சொல்றாங்க பாப்பா. நீ இன்னா சொல்ற? போவட்டா, வூட்லயே இருக்கட்டா?" போங்கப்பா என்றேன். போனார். மறுநாள் அவர் மறுபடி கூப்பிட்டபோது எனக்குக் காலை, அங்கே பொழுது சாய்ந்திருந்தது. பின்னால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. கூட வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குக் கிளம்புகிறார்களாம். பாதிப் பேர் போய்விட்டார்களாம். இவர் மட்டும் போகவில்லை.

"இன்னாம்மா, முடிஞ்சிடிச்சா?" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே போய் ஜன்னல் திரையை விலக்கி வானத்தைப் பார்த்தேன். இங்கே பனி பெய்துகொண்டிருந்தது.